மதுரையச் சுத்தி சினிமா எடுத்த எடங்கள தேடிப் போய் பாக்குறது எப்படி: முழு வழிகாட்டி

நமக்குப் புடிச்ச படத்துல வந்த தெருவையோ மண்டபத்தையோ மலையையோ நேர்ல போய்ப் பாக்கணும்னு ஆசை எல்லாருக்கும் இருக்கும், ஆனா பாதிப்பேரு ஊர் பேர மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயி, எங்க எடுத்தாங்கன்னே தெரியாம நாலு செல்ஃபி எடுத்துட்டு திரும்பிடுறாங்க. அது சுத்துலா, அவ்வளவுதான். லொக்கேஷன் பாக்குறதுன்னா அந்த ஷாட் எடுக்கும்போது கேமரா எந்த மூலையில நின்னுச்சோ அந்த மூலையில நாம போய் நிக்கணும், அங்க நின்னு பாத்தாதான் டைரக்டரும் கேமராமேனும் எதைக் காட்டுனாங்க, எதை மறைச்சாங்கன்னு வெளங்கும். அதுக்கு என்ன செய்யணும்னு ஒண்ணொண்ணா சொல்றேன், மதுரைய மையமா வச்சே சொல்றேன், ஏன்னா நம்ம ஊரச் சுத்தி ஒருநாள் தூரத்துல இம்புட்டு எடம் கிடக்கு.

1. கதை நடக்குற ஊரு வேற, கேமரா நின்ன ஊரு வேற

இதை மனசுல ஏத்திக்கிட்டு கெளம்புங்க. பேரப் பாத்து ஏமாந்து போறதுதான் அதிகம். சுப்ரமணியபுரம் படம் 2008-ல வந்துச்சு, கதை 1980 மதுரையில நடக்குது. ஆனா 2008-ல நம்ம ஊரு 1980 மாதிரியா இருந்துச்சு? எங்க பாத்தாலும் ஃபிளெக்ஸ் போர்டு, செல்போன் டவர், கண்ணாடி வச்ச கட, அதனால பெரும்பகுதிய திண்டுக்கல்ல போய் எடுத்தாங்க. சுப்ரமணியபுரத்துக்குப் போயி அந்தத் தெருவ தேடுனா கிடைக்காது.

இதே மாதிரி தேவர் மகன். பாத்தா நம்ம தெக்கத்திச் சீமை படம், பேச்சு, பண்பாடு எல்லாம் இங்கிட்டு உள்ளது, ஆனா எடுத்தது பொள்ளாச்சிப் பக்கம். தேனி அல்லிநகரத்துல பொறந்த பாரதிராஜா தன்னோட மொத படமான 16 வயதினிலே எடுத்தப்ப (1977) கேமராவ கொண்டுபோய் வச்சது கர்நாடகாவுல கொள்ளேகால்ல. நம்ம மண்ணு வாசனைன்னு நாம கொண்டாடுற படம் பக்கத்து மாநிலத்துல எடுத்தது. இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டியதில்ல, எனக்கு இது தெரிஞ்சப்புறம் அந்தப் படத்து மேல மரியாதை இன்னும் கூடத்தான் செஞ்சது.

தலைகீழாவும் நடக்கும். பம்பாய் படத்துல (1995) ஒரு கடலோர கிராமத்துக் கல்யாணம், கண்ணாளனே பாட்டு, மனிஷா கொய்ராலா ஆடுவாங்க, அரவிந்த்சாமி தூணுக்குப் பின்னாடி நின்னு பாப்பாரு. கதைப்படி அது கிராமத்து வீட்டுக் கல்யாணம், எடுத்தது மதுரை திருமலை நாயக்கர் மகால்ல. அதே படத்துல உயிரே பாட்டுல வர்ற கோட்டை கேரளாவுல காசர்கோடு பக்கத்துல இருக்குற பேக்கல் கோட்டை. ஒரே ஊருன்னு நம்மள நம்ப வச்ச ரெண்டு எடத்துக்கும் நடுவுல பல நூறு கிலோமீட்டர் தூரம்.

2. வீட்டுல உக்காந்து செய்ய வேண்டிய வேலை

படத்த மறுபடி போட்டுப் பாருங்க, இந்தத் தடவ ஹீரோவப் பாக்காதீங்க, பின்னாடி பாருங்க. நல்ல தரத்துல இருக்குற பிரிண்டா பாத்துக்கங்க, பழைய மங்கலான வீடியோவுல ஒண்ணும் தெரியாது. நிறுத்தி நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க.

மொதல்ல தேட வேண்டியது மலை. தெரு மாறும், கட மாறும், மரத்த வெட்டிருவாங்க, மலை மாறாது. நம்ம ஊரச் சுத்தி உள்ள மலைங்க ஒவ்வொண்ணுக்கும் தனி முகம் உண்டு. ஒத்தக்கடை யானைமலை நிஜமாவே யானை படுத்திருக்குற மாதிரி, மொட்டப் பாறையா இருக்கும், எங்க பாத்தாலும் அடையாளம் சொல்லிறலாம். நாகமலை நீளமா பாம்பு போறாப்புல போகும். திருப்பரங்குன்றம் ஒத்தக் குன்று, தனியா நிக்கும். சிறுமலை திண்டுக்கல் ரோட்டுல தூரத்துல நீலமா தெரியும். தேனிப் பக்கம்னா மேற்குத் தொடர்ச்சி மலை சுவரு மாதிரி பின்னாடி வந்துரும், அது வந்துச்சுன்னா அந்த ஷாட் ஆண்டிபட்டி கணவாயத் தாண்டி எடுத்ததுன்னு நான் கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். மலையோட வடிவமும் அது எந்தப் பக்கம் சரியுதுங்கறதும் தெரிஞ்சா போதும், மேப்ல வச்சு கேமரா எந்தத் திசையில இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சிறலாம்.

ரெண்டாவது வண்டி நம்பரு. ஹீரோ ஓட்டுற வண்டி நம்பர நம்பாதீங்க, அது படத்துக்காக மாட்டுனதா இருக்கலாம். பின்னாடி ரோட்டோரம் நிக்கிற வண்டி, தற்செயலா க்ராஸ் பண்ற டிவிஎஸ் 50, அதுதான் சாட்சி. டிஎன் 58, 59, 64 மதுரை. 57 திண்டுக்கல், 60 தேனி, 63 சிவகங்கை, 65 ராமநாதபுரம், 67 விருதுநகர். ஒரே ஷாட்ல நாலஞ்சு வண்டியும் 60-ன்னு இருந்தா அது தேனி மாவட்டம்தான், வேற ஆராய்ச்சி வேணாம்.

மூணாவது, எழுத்து. சுவத்துல கட்சி விளம்பரம், ரேஷன் கட போர்டு, ஸ்கூல் பேரு, பஸ்ஸோட நெத்தியில இருக்குற ஊர் பேரு. ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆளுங்க முன்னாடி தெரியுற போர்டெல்லாம் மாத்திருவாங்க, தூரத்துல இருக்குறத விட்டுருவாங்க.

அப்புறம் படம் முடிஞ்சதும் எந்திரிச்சிறாதீங்க, நன்றி கார்டு ஓடும். ஊர் பொதுமக்கள், கோயில் நிர்வாகம், எஸ்டேட் ஓனரு, ரயில்வே, வனத்துறைன்னு பேரு வரிசையா வரும். என்னப் பொறுத்தவரைக்கும் இதுதான் நம்பகமான ஆதாரம், இன்டர்நெட்ல எவனாவது எழுதுனத விட இது மேல். ரெண்டு மூணு எடம் ஒண்ணா சொல்லியிருந்தாத்தான் நான் எந்தத் தகவலையும் எடுத்துக்குவேன், ஏன்னா ஒருத்தர் தப்பா போட்டத அப்படியே காப்பியடிச்சு பத்து பேரு போட்டு வச்சிருப்பாங்க.

கடைசியா மேப். சாட்டிலைட் படத்துல கண்மாய், ரயில் பாதை, கோயில் கோபுரம் மூணும் எப்படி எப்படி அமைஞ்சிருக்குன்னு பாத்து ஸ்கிரீன்ஷாட்டோட ஒப்பிட்டுக்கங்க. பத்து எடத்த குறிச்சு வச்சா அதுல நாலு எடம் கிடைக்கும்னு எண்ணத்தோட போங்க.

3. எப்ப போறது

சித்திரை வைகாசியில போனீங்கன்னா படத்துல பச்சையா பாத்த எல்லாமே காஞ்சு செவந்து கிடக்கும். மதுரைப் பக்கத்துக் கண்மாயில தண்ணி பாக்கணும்னா ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம், தை மாசம் வரைக்கும் நல்லாருக்கும். கம்பம் பள்ளத்தாக்குக்கு முல்லைப் பெரியாறு தண்ணி வழக்கமா ஜூன்ல தொறந்து விடுவாங்க, அதுக்கப்புறம் நடவு முடிஞ்சு வயல் பச்சையாகுறப்ப போங்க. சில படம் வேணும்னே வறட்சிய எடுத்திருக்கும், அதுக்குக் கோடைதான் சரி. ஆக படத்துல மரம் எலை உதிர்ந்திருக்கா, கண்மாய் நெறைஞ்சிருக்கா, நெல்லு கதிரு விட்டிருக்கான்னு பாத்துட்டு மாசத்த முடிவு பண்ணுங்க.

நேரமும் அப்படித்தான். நிழல் நீளமா விழுந்திருந்தா அது வெள்ளன எடுத்தது இல்ல பொழுதடைய எடுத்தது. நட்டநடு மத்தியானம் போனா வெயில்ல மண்டை காஞ்சுரும், படத்துல பாத்த அழகும் தெரியாது.

4. மொத நாள்: மதுரைக்குள்ளயே

காலையில 6 மணிக்கு கீழக்குயில்குடில இருங்க. நாகமலை புதுக்கோட்டைகிட்ட பிரியுற ரோடு, பைக்ல போறது சுலபம். அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம், பின்னாடி சமணர் மலை, எல்லாம் ஒரே ஃபிரேம்ல வந்து நிக்கும், கிராமம்னு சொன்னா சினிமாக்காரங்களுக்கு ஏன் இது ஞாபகம் வருதுன்னு அங்க போய் நின்னா தெரியும். குளத்தோட இந்தக் கரையில நின்னு பாத்தா கோயிலு, அந்தக் கரையில நின்னு பாத்தா வெறும் பாறையும் வானமும், கேமராவ திருப்புனா ரெண்டு வேற ஊராயிரும்.

அங்க போனவங்க மேல ஏறாம வந்துறாதீங்க. பேச்சிப்பள்ளம்னு ஒரு எடம், பாறையில வரிசையா சமணத் தீர்த்தங்கரர் சிற்பம், கீழ வட்டெழுத்துக் கல்வெட்டு, ஆயிரம் வருசத்துக்கு மேல பழசு. மலையோட இன்னொரு பக்கம் செட்டிப்புடவுன்னு ஒரு சமணக் குகை. படிக்கட்டு உண்டு, தண்ணி எடுத்துட்டுப் போங்க. பாறையில பேர் கிறுக்கி வச்சிருக்குறதப் பாக்கும்போது வயிறு எரியுது, தயவு செஞ்சு நீங்க அதைச் செய்யாதீங்க.

அங்கிருந்து திருப்பரங்குன்றம். 2011-ல வந்த ஆடுகளம் கதை முழுக்க இந்த ஊர வச்சுத்தான், அந்தப் படம் ஆறு தேசிய விருது வாங்குச்சு. இங்க ஒரு குறிப்பிட்ட வீட்டையோ தெருவையோ தேடுறத விட ஊர நடந்து பாக்குறதுதான் முறை. பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து டவுன் பஸ் அடிக்கடி இருக்கு. கோயில் வாசல்ல எறங்கி, சன்னதித் தெரு, கிரிவலப் பாதை, பின்பக்கம் தென்பரங்குன்றம்னு மலைய ஒரு சுத்து சுத்துங்க. எந்த சந்துக்குள்ள பாத்தாலும் கடைசியில மலை தெரியும், அந்தப் படத்துலயும் அதே மாதிரிதான், வீட்டு மொட்டைமாடியில நின்னா பின்னாடி பாறை. பின்பக்கம் உமையாண்டார் குடைவரை இருக்கு, அங்க கூட்டம் இருக்காது. மலை மேல ஏறணும்னா அன்னைக்கு என்ன கட்டுப்பாடுன்னு கீழயே விசாரிச்சுட்டு போங்க. அந்தப் படத்துல வர்ற சேவக்கட்டு, அதான் சேவச் சண்ட, எங்க நடக்குதுன்னு மட்டும் யார்கிட்டயும் கேக்காதீங்க, அது பாக்கப் போற வேடிக்கையில்ல.

வெயில் ஏறுனதும் ரூமுக்குப் போயிருங்க, இல்லன்னா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. மூணு மணிக்கு மேல மகால்.

திருமலை நாயக்கர் மகால் 1636-ல கட்டுனது, இப்ப நாம பாக்குறது மொத்த அரண்மனையில கால்வாசிதான் இருக்கும், மிச்சத்த அவரோட பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்துலயே பிரிச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க. செங்கலும் சுண்ணாம்பும்தான் அம்புட்டு பெரிய தூணும். டிக்கெட் எடுத்து உள்ள போனதும் எல்லாரும் முற்றத்துல நின்னு நேரா சிம்மாசனப் பக்கம் போட்டோ எடுப்பாங்க. நீங்க அப்படிச் செய்யாம ஓரத்துல தூண் வரிசைக்குள்ள போங்க. கண்ணாளனே பாட்டுல தூணுக்கு நடுவுல ஆள் மறைஞ்சு மறைஞ்சு தெரியுறது இருக்குல்ல, அது முற்றத்துல நின்னா கிடைக்காது. ரெண்டு தூணுக்கு இடையில நின்னு, போன்ல கொஞ்சம் ஜூம் வச்சு, எதிர்ப்பக்க வரிசையப் பாருங்க. ஜூம் வைக்க வைக்க பின்னாடி உள்ள தூணெல்லாம் கிட்ட கிட்ட வந்து நெருக்கமா நிக்கும், சின்ன எடம் கூட கூட்டமா நெறைஞ்ச மாதிரி ஆயிரும். ஜூம் இல்லாம அகலமா வச்சா அதே மண்டபம் வெறிச்சுன்னு பெருசாயிரும். ஒரே எடத்துல நின்னு இந்த ரெண்டையும் செஞ்சு பாருங்க, லென்ஸ் என்ன வேலை செய்யுதுன்னு ஒரு வகுப்பு எடுத்த மாதிரி புரியும். பாட்டு ராத்திரி கல்யாண வெளிச்சத்துல எடுத்தது, நீங்க பாக்குறது பகல் வெளிச்சம், அதனால நிறம் வேறயா இருக்கும்.

ஸ்டாண்ட் போட்டு வீடியோ எடுக்கணும்னா டிக்கெட் கவுண்டர்லயே கேட்டுக்கங்க. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள செல்போனே கொண்டுபோக முடியாது, 2018 தீ விபத்துக்கு அப்புறம் வந்த கட்டுப்பாடு அது, வெளிய லாக்கர்ல குடுத்துட்டுப் போகணும். கோபுரம் வர்ற ஷாட்டெல்லாம் வீதியில இருந்தே பாத்துக்கங்க.

5. மேக்க தேனி, போடி, குரங்கணி

இதுக்கு ரெண்டு நாள் வச்சுக்கங்க. மதுரை-போடி ரயில் பாதைய அகலப் பாதையாக்குறேன்னு பல வருசம் மூடி வச்சிருந்தாங்க, 2022-ல தேனி வரைக்கும், 2023-ல போடி வரைக்கும் ஓட ஆரம்பிச்சது. நேரம் ஒத்து வந்தா ரயில்ல போங்க, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் வர்றப்ப சன்னல் சீட்டுல இருக்கணும், கரிசலும் பொட்டலுமா இருந்தது கொஞ்ச நேரத்துல மலையும் தோப்புமா மாறும். ரயில் இல்லன்னா மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல இருந்து பஸ் எந்நேரமும் உண்டு.

2010-ல ரெண்டு படம் வந்துச்சு, ரெண்டும் இந்த மாவட்டம்தான். தென்மேற்குப் பருவக்காற்று தேனிப் பக்கத்துப் பொட்டக்காடும் ஆட்டுக்கிடையும், மைனா குரங்கணி மலை. ஒரே மாவட்டத்துல அடிவாரத்துல ஒரு உலகம், மேல ஏறுனா வேற உலகம். 2018-ல வந்த மேற்குத் தொடர்ச்சி மலை படமும் இந்தப் பக்கம்தான், ஏலத் தோட்டத்துக்கு மூட்ட சொமக்குறவங்க நடந்த பாதைய அப்படியே காட்டியிருப்பாங்க.

போடியில இருந்து குரங்கணி போற ரோடே பாதி சுகம். பஸ் கம்மி, ஜீப் கிடைக்கும், போடியிலயே பேசிக்கங்க. அடிவாரத்துல ஊரு, ஓடை, தோப்பு இதையெல்லாம் நடந்து பாக்கலாம். பழைய காலத்துல மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன்ல இருந்து ரோப்வேல கொட்டகுடிக்கு எறங்கி போடிக்கு வந்திருக்கு, அந்தப் பாதையத்தான் நாம கீழ இருந்து அண்ணாந்து பாக்குறோம்.

ஆனா மேல காட்டுக்குள்ள ஏறுறது பத்தி கொஞ்சம் அழுத்தமா சொல்லணும். 2018 மார்ச் 11-ல இதே குரங்கணி காட்டுத்தீயில சிக்கி மலையேறப் போன 23 பேர் எறந்துட்டாங்க. பெரும்பாலும் சின்ன வயசுப் புள்ளைங்க. காஞ்ச மலைப்புல்லு, மேல்நோக்கி அடிக்கிற காத்து, தீ வர்ற வேகத்துக்கு ஆளால ஓட முடியாது. அதனால வனத்துறை அனுமதி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காதீங்க, உள்ளூர்க்காரர் ஒருத்தர் நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாலும் வேணாம். கோடையில பாதைய மூடியிருந்தாங்கன்னா திரும்பி வந்துருங்க. எந்த ஷாட்டும் உசுரக் குடுத்துப் பாக்குற அளவுக்குப் பெருசில்ல.

திரும்பி வரும்போது நேரமிருந்தா வைகை அணை. 1959-ல தொறந்தது. பூங்கா, மதகு, பாலம் மூணும் பழைய டூயட் பாட்டுல நிறைய வரும்.

6. கொடைக்கானல் குணா குகை

ஆரப்பாளையத்துல இருந்து கொடைக்கு நேர் பஸ், நாலு மணி நேரம்னு வச்சுக்கங்க. சொந்த வண்டியில போனா இ-பாஸ் எடுத்துட்டுத்தான் போகணும், 2024 மே மாசத்துல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி நடைமுறையில இருக்கு. சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மேல கொண்டு போகாதீங்க, செக்போஸ்ட்ல புடிப்பாங்க.

வெள்ளக்காரன் காலத்துல டெவில்ஸ் கிச்சன்னு கூப்புட்ட எடம், 1991-ல குணா படம் எடுத்தப்புறம் பேரே குணா குகைன்னு ஆயிப்போச்சு. கண்மணி அன்போடு பாட்டுல பாக்குறது இந்தக் குகைக்குள்ளதான். ஆனா 2024-ல வந்த மஞ்சும்மல் பாய்ஸ் பாத்துட்டு வர்றவங்க ஒண்ண தெரிஞ்சுக்கணும், அதுல வர்ற குகை உள்பக்கம் கேரளாவுல பெரும்பாவூர்ல போட்ட செட்டு. 2006-ல நடந்த உண்மைச் சம்பவம் இங்கதான், படத்துக்காக உள்ள எறங்குனது அங்க. இங்க இப்ப கம்பி போட்டு அடைச்சிருக்கு, குகைக்குள்ள யாரையும் விடமாட்டாங்க. மேல பின்னிக் கிடக்குற மர வேரும், கம்பிக்கு இங்கிட்டு நின்னு பாக்குற பள்ளமும்தான் நமக்கு. நம்ம வாட்டத்துக்கு அதுவே போதும், அந்த வேருக்கு மேல மூடுபனி எறங்குறப்ப நின்னு பாருங்க. இந்தப் பள்ளத்துக்குள்ள விழுந்தவங்க பலர் திரும்பவே இல்ல.

7. கெழக்க செட்டிநாடு

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல காரைக்குடி பஸ் ஏறுங்க, ரெண்டு மணி நேரம் சொச்சம். தமிழ் சினிமாவுல பெரிய வீடுன்னு காட்டுனா பாதி வீடு இங்கிட்டு எடுத்ததுதான். 2000-ல வந்த கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் படத்துல வர்ற அந்தப் பெரிய வீடு இந்தப் பக்கம்தான்.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி மூணையும் ஒரு நாள்ல பாத்துறலாம், ஆத்தங்குடியில டிக்கெட் வாங்கிட்டுப் பாக்குற அரண்மனை வீடு ஒண்ணு இருக்கு. திண்ணை, முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டுன்னு வரிசையா ஒரே நேர்கோட்டுல போகும், வாசல்ல நின்னா பின்கட்டு வரைக்கும் பார்வை போயிரும். கேமராக்காரங்களுக்கு இந்த நேர்கோடுதான் பொக்கிஷம். தரையில இருக்குற ஆத்தங்குடிக் கல்லு அந்த ஊர்லயே கையால போடுறது, கண்ணாடி மேல வச்சு சாயம் ஊத்தி எடுப்பாங்க, பட்டறையில கேட்டா காட்டுவாங்க.

இந்த வீடெல்லாம் பல பங்காளிகளுக்குச் சேந்தது, பூட்டிக் கிடந்தாலும் ஆளில்லாத வீடுன்னு நினைச்சுறாதீங்க. காவல்காரர் இருப்பாரு, "அய்யா, உள்ள பாக்கலாங்களா"ன்னு கேளுங்க, சரின்னா செருப்ப கழட்டிட்டுப் போங்க, சாமி ரூம், பூட்டுன அறை பக்கம் கேமராவ திருப்பாதீங்க. முடியாதுன்னா நன்றி சொல்லிட்டு வந்துருங்க.

தெக்க இன்னும் நேரம் இருக்குறவங்க தென்காசி சுந்தரபாண்டியபுரம் போகலாம். ரோஜா கதையில ஹீரோ பொண்ணு பாக்க வர்ற ஊர் பேரே அதுதான். அந்நியன் (2005) பாட்டுக்காக பாறையில நடிகர்கள் முகத்த வரைஞ்சது இங்கதான். சூரியகாந்தி பூக்குற நேரமா பாத்துப் போங்க.

8. எடத்துல போய் எப்படி நடந்துக்கறது

ஸ்கிரீன்ஷாட்ட ஒரு போன்ல தொறந்து வச்சுக்கிட்டு, இன்னொரு போன்ல கேமராவ ஆன் பண்ணி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒத்துப் பாருங்க. மொதல்ல மலைய ஒத்துங்க, அப்புறம் கட்டடம், கடைசியா உங்க உயரம். பாதி ஷாட் இடுப்பு உயரத்துலயோ கிரேன் மேலயோ எடுத்திருப்பாங்க, நின்ன வாக்குல எடுத்தா ஒட்டாது, குத்தவச்சு பாருங்க. ஒட்டவே இல்லன்னா அந்த ஷாட் இடவலமா திருப்பிப் போட்டதான்னு சந்தேகப்படுங்க.

டீக்கடையில உக்காருங்க. "அண்ணே, இங்கிட்டு ஷூட்டிங் எங்க நடந்துச்சு"ன்னு கேட்டா பெரியவங்க கதை கதையா சொல்லுவாங்க, எந்த மரத்தடியில யாரு சாப்புட்டாங்க, ஊர்ல யாரு கூட்டத்துல நின்னு நடிச்சாங்கன்னு. அந்தப் பேச்சுக்காகவே நான் போவேன். ஆனா ஒருத்தர் சொன்னத வச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு படத்த ஒண்ணாக் கலந்து சொல்றது சகஜம்.

குழாயடியில, ஆத்துல குளிக்கிற எடத்துல, பொம்பளைங்க இருக்குற பக்கம் கேமராவத் தூக்காதீங்க. துக்க வீடு இருந்தா அந்தத் தெருவ விட்டுருங்க. டிரோன் வேணவே வேணாம், கோயில், அணை, காடு எல்லாத்துக்கும் தனித்தனி அனுமதி.

பாத்த எடத்த ஒரு நோட்டுல எழுதி வைங்க, படம் பேரு, எத்தனாவது நிமிசம், எங்க நின்னீங்க, எந்தத் திசை பாத்தீங்க, எந்தத் தேதின்னு. அடுத்த தலைமுறைக்கு இது பெரிய ஆவணம், ஏன்னா பாதி எடம் இப்பவே போயிருச்சு, 1952-ல பராசக்தியோட தொறந்த மதுரை தங்கம் தியேட்டரே இன்னைக்கு இல்ல, துணிக்கட நிக்குது. ஆன்லைன்ல போடும்போது கோயில், மகால், அணை மாதிரி பொது எடத்துக்கு மேப்ல 'பின்' போட்டுக்கங்க, யாரோ குடியிருக்குற வீடா இருந்தா ஊர் பேரோட நிப்பாட்டிக்கங்க, கதவு நம்பர் வரைக்கும் போகாதீங்க.